பழைய பிரெஸ்பிட்டேரியன் பக்தி நூல்களை இன்று வாசிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1629ல் ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், அன்வொத் என்ற சிற்றூரின் போதகர், கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்குக் கடிதம் எழுதினார். குழந்தை தொலைந்துபோகவில்லை, கிறிஸ்துவிடம் கிடைத்திருக்கிறாள். நம் கண்ணுக்கு மறைகிற விண்மீன் அணைந்துவிடுவதில்லை, பூமியின் மறுபாதியில் ஒளிவிட்டுக்கொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். எழுதியவர் சாமுவேல் ரதர்ஃபோர்டு. அந்தத் தாய், பிற்பாடு கென்மியூர் சீமாட்டி என்று அறியப்பட்ட ஜேன் கேம்பெல்.

அந்த விண்மீன் வரியை மட்டும் தனியாகப் படித்தால் அழகான உவமை, அவ்வளவுதான். அடுத்த வருஷமே, 1630ல், நீண்டநாள் நோயில் கிடந்த தன் மனைவியை ரதர்ஃபோர்டு அடக்கம் செய்தார் என்றும், 1634ல் அந்தச் சீமாட்டி விதவையானார் என்றும், இருவருக்கும் இடையே கடிதங்கள் அதற்குப் பிறகும் பல வருஷம் போய்க்கொண்டிருந்தன என்றும் தெரிந்துகொண்டு படித்துப்பாருங்கள். அதே வரி வேறு மாதிரி கேட்கும்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைப் பற்றியதுதான். பழைய பிரெஸ்பிட்டேரியன் எழுத்துகளில் நிலைத்து நின்றவை பெரும்பாலும் யாரோ ஒருவருக்காக, ஏதோ ஒரு தேவைக்காக எழுதப்பட்டவை. அந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் பக்கம் தானே திறக்கும்.

படி 1: இவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேராயர் ஒருவர் கையில் அதிகாரம் இல்லாமல், மூப்பர்கள் குழுவாகக் கூடிச் சபையை நடத்துவதுதான் பிரெஸ்பிட்டேரியன் முறை. மூப்பர் என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது. 1560ல் ஸ்காட்லாந்து பாராளுமன்றம் போப்பின் அதிகாரத்தை நீக்கியது. அடுத்த நூற்றாண்டு முழுவதும், சபைக்குப் பேராயர்கள் வேண்டும் என்ற அரசர்களுக்கும் வேண்டாம் என்ற மூப்பர்களுக்கும் மோதல். இந்தப் பக்தி எழுத்துகளில் கணிசமான பங்கு சிறையிலும் நாடுகடத்தலிலும் பிறந்ததற்கு அதுதான் காரணம்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சென்னை எழும்பூரில் 1821ல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் என்ற தேவாலயம் ஸ்காட்லாந்துச் சபையினர் கட்டியது. 1837ல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் நடத்திய பள்ளிதான் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1908ல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் பிரெஸ்பிட்டேரியன்கள் இருந்தார்கள். அந்தச் சபை 1947ல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. உங்கள் சபையில் ‘மூப்பர்’ என்ற சொல் புழங்கினால், இந்த நூல்களின் வாடை உங்களுக்குக் கொஞ்சம் பழக்கமானதாகவே இருக்கும்.

படி 2: வினாவிடையில் தொடங்குங்கள்

பலரும் நேராகக் கடிதங்களுக்கோ பிரசங்கங்களுக்கோ போகிறார்கள். நான் சொல்வது, முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடை. 1643ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய மன்றம் 1647ல் இதை முடித்தது. மொத்தம் 107 கேள்விகள். பின்னால் வந்த எல்லா ஸ்காட்லாந்து எழுத்தாளர்களும் சிறுவயதில் மனப்பாடம் செய்த நூல் இது. இதைத் தெரியாமல் அவர்களைப் படிப்பது, திருக்குறள் தெரியாதவர் தமிழ் மேடைப்பேச்சைக் கேட்பது மாதிரி. பாதி ஜாடை புரியாமல் போய்விடும்.

முதல் கேள்வி, மனிதனின் தலையான நோக்கம் என்ன என்பது. தேவனை மகிமைப்படுத்துவதும், என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும் என்பது பதில். அந்த இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். கறாரான கூட்டம் என்று பெயரெடுத்தவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லித்தந்த முதல் வரியில் ‘மகிழ்ச்சி’ இருக்கிறது.

அப்புறம் 41 முதல் 81 வரையுள்ள பத்துக் கட்டளைப் பகுதிக்கு வாருங்கள். ஒழுக்க எழுத்து என்றால் இவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது இங்கேதான் தெரியும். ஒவ்வொரு கட்டளைக்கும், இது எதைச் செய்யச் சொல்கிறது, எதைத் தடுக்கிறது என்று இரண்டு கேள்விகள். ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்பதற்குச் சிறிய வினாவிடை சொல்வது, நமக்கும் பிறருக்கும் நியாயமான வழியில் பொருள் சேரவும் பெருகவும் உதவ வேண்டும் என்று. திருடாமல் இருப்பது போதாது, அடுத்தவன் பிழைக்கவும் வழி பார்க்க வேண்டும்.

அதே மன்றம் எழுதிய பெரிய வினாவிடையில் 196 கேள்விகள். அதில் 142ஆம் விடையை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து படிக்கலாம். களவு என்பதன் கீழே அது என்னவெல்லாம் அடுக்குகிறது என்று பாருங்கள்: கள்ள எடை, கள்ள அளவு, எல்லைக்கல்லை நகர்த்துவது, லஞ்சம், அநியாய வட்டி, வேண்டுமென்றே இழுத்தடிக்கும் வழக்கு, விலை ஏறட்டும் என்று சரக்கைப் பதுக்குவது, ஏழைகள் குடியிருந்த நிலத்தை வளைத்து அவர்களை வெளியேற்றுவது. கடைசிப் பகுதியில், தேவன் தந்த பொருளின் நியாயமான பயனையும் ஆறுதலையும் தனக்கே மறுத்துக்கொள்வதும் களவுதான் என்கிறது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்து, ஒரு நல்ல போர்வைகூட வாங்கிக்கொள்ளாமல் போன பெரியவர்களை நமக்கு எல்லாருக்கும் தெரியும். அவர்களையும் இந்த விடை பார்த்திருக்கிறது.

செய்முறை எளிது. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, மூன்றரை மாதத்தில் முடிந்துவிடும். கட்டளைப் பகுதிக்கு மட்டும் ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் அவர்கள் சொன்ன உதாரணம், மற்றதில் உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ அதற்கு இணையானது.

படி 3: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

அவசரக்காரர்கள் தாண்டிவிடும் படி இது. ஏன் முக்கியம் என்பதற்கு அதே 142ஆம் விடையே சாட்சி.

அந்தப் பட்டியலில் ‘மனிதரைத் திருடுவது’ என்றும் ஒன்று இருக்கிறது. 1794ல் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் பொதுச்சபை வெளியிட்ட பதிப்பில் அந்தச் சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார்கள். மனிதரை அடிமைத்தனத்துக்குள் கொண்டுவருகிறவர்கள் மட்டுமல்ல, அதில் வைத்திருக்கிறவர்களும் இந்தப் பாவத்துக்கு உட்பட்டவர்கள் என்றது அந்தக் குறிப்பு. 1816ல் அதே பொதுச்சபை, இனி அந்தக் குறிப்பை அச்சிட வேண்டாம் என்று முடிவெடுத்தது. விடையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் 1794 பதிப்பை வைத்திருந்தவர் படித்ததும், 1816க்குப் பிந்தைய பதிப்பை வாங்கியவர் படித்ததும் ஒன்றல்ல. அடிமைகளை வைத்திருந்த சபையார் அந்த இரண்டாவது பதிப்பை மனசு உறுத்தாமல் படித்திருக்கலாம். இதை மறைத்துவிட்டுப் பழைய பக்தியைப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுடைய நூலே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

சரி, நூல்கள் எங்கே கிடைக்கும்? இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பழைய பதிப்புகளின் ஸ்கேன் படங்கள் இருக்கின்றன. புராஜெக்ட் குட்டன்பெர்க், கிறிஸ்டியன் கிளாசிக்ஸ் எதீரியல் லைப்ரரி ஆகிய தளங்களில் தட்டச்சு செய்த பிரதிகள் கிடைக்கும். அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால், 1957ல் தொடங்கிய பேனர் ஆஃப் ட்ரூத் பதிப்பகம் இவற்றில் பலவற்றை மறுபடி அச்சிட்டிருக்கிறது. தட்டச்சுப் பிரதியில் ஒரு வரி அர்த்தமில்லாமல் இருந்தால் உடனே ஸ்கேனைத் திறந்து பாருங்கள். 1800க்கு முந்தைய அச்சில் ‘எஸ்’ எழுத்து பல இடங்களில் ‘எஃப்’ போலவே தெரியும். கணினி அதைத் தப்பாக வாசித்து, ‘சின்’ என்பதை ‘ஃபின்’ என்று எடுத்து, ‘பாவம்’ என்ற சொல்லை மீன் துடுப்பாக்கிவிடும்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரி 1ஐ வருஷப் பிறப்பாக்கிக்கொண்டது. இங்கிலாந்து 1752 வரை மார்ச் 25ல்தான் வருஷத்தை மாற்றியது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதத்துக் கடிதங்களில் இரண்டு நாட்டு நூல்களும் ஒரே நாளுக்கு வேறு வேறு வருஷம் சொல்லலாம். பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

படி 4: தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

பழைய ஆங்கிலத்தில் மோசம் செய்வது கடினமான சொற்கள் அல்ல, நமக்குத் தெரியும் என்று நினைக்கிற சொற்கள்தான். ‘கான்வர்சேஷன்’ என்று அவர்கள் எழுதினால் பேச்சு அல்ல, நடக்கை. ‘வான்ட்’ என்றால் ஆசை அல்ல, குறைவு. ‘பிரிவென்ட்’ என்றால் தடுப்பதல்ல, முந்திக்கொள்வது. ‘கிளாசெட்’ துணி அலமாரி அல்ல, தனி ஜெபத்துக்கான அறை.

இதற்கு ஆங்கில அகராதியைவிட நம் பழைய தமிழ் வேதாகமம் நல்ல கைவிளக்கு. அவர்கள் மேற்கோள் காட்டும் வசனத்தைத் தமிழில் எடுத்துப் பாருங்கள். இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் ‘வான்ட்’ வரும் இடத்தில் நம்மிடம் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று இருக்கிறது. சங்கீதம் 119:148ல் ‘பிரிவென்ட்’ வரும் இடத்தில் ‘குறித்த ஜாமங்களுக்கு முன்னே என் கண்கள் விழித்துக்கொள்ளும்’ என்று இருக்கிறது. ‘கிளாசெட்’டுக்கு நம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ‘அறைவீடு’. ஆங்கிலம் மட்டும் தெரிந்த வாசகர் தடுமாறுகிற இடத்தில் தமிழ் வாசகருக்குச் சரியான பொருள் கையிலேயே இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

படி 5: ரதர்ஃபோர்டின் கடிதங்கள்

1636ல் ரதர்ஃபோர்டைப் பிரசங்கம் செய்யக்கூடாது என்று தடைசெய்து, தூர வடக்கில் உள்ள ஆபர்டீன் நகரத்துக்கு அனுப்பினார்கள். 1638 வரை அங்கேதான். சபைக்குப் பேச முடியாத மனிதர் சபையாருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். நம்மிடம் இருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாட்களில் எழுதியவை. அவர் 1661ல் இறந்தபிறகு, முன்பு அவருக்கு எழுத்தராக இருந்த ராபர்ட் மக்வார்ட் 1664ல் ராட்டர்டாமில் வைத்து அவற்றை அச்சிட்டார். சொந்த நாட்டில் அப்போது அவருடைய அரசியல் நூலைக் கொளுத்தியிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட்ரூ போனார் அந்தக் கடிதங்களைக் கால வரிசைப்படுத்தி, யாருக்கு எழுதியது என்ற குறிப்புகளோடு வெளியிட்டார். அந்தப் பதிப்பில் மொத்தம் 365 கடிதங்கள்.

365 என்றவுடன் நாளுக்கு ஒன்று என்று கணக்குப் போடத் தோன்றும். வேண்டாம். இனிப்பு அதிகம். உன்னதப்பாட்டின் மொழி, மணவாளன், விருந்து, முத்தம் என்று ஒரே சாயல் திரும்பத் திரும்ப வரும். பத்து நாளில் திகட்டிவிடும். வாரத்துக்கு ஒன்று போதும்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் முன் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, இடம், பெற்றவர், அவருக்கு அப்போது என்ன நடந்திருந்தது. போனாரின் குறிப்புகளில் பெரும்பாலும் கிடைத்துவிடும். உதாரணமாக, மேரியன் மக்னாட் என்ற பெயர் அடிக்கடி வரும். கர்குப்ரி நகரத் தலைவரின் மனைவி. அவருக்கு எழுதும்போது ரதர்ஃபோர்டு ஊர்ச் சங்கதிகளைப் பேசுகிறார், ஜெபிக்கச் சொல்கிறார், கவலைப்படுகிறார். சீமாட்டிக்கு எழுதும் குரல் அது அல்ல.

ஆபர்டீன் கடிதங்களில் ஓரிடம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். கிறிஸ்துவுக்கு அடுத்தபடியாகத் தனக்கிருந்த ஒரே சந்தோஷம் அவரைப் பிரசங்கிப்பதுதான், அதையும் எடுத்துக்கொண்டார்கள், அது ஏழையின் ஒற்றைக் கண் போல இருந்தது, அந்தக் கண்ணையும் பிடுங்கிவிட்டார்கள் என்கிறார். சிலுவை பறவைக்குச் சிறகு போல, கப்பலுக்குப் பாய் போல ஒரு பாரம் என்று எழுதியவரும் இவரேதான். பாய், சிறகு வரியை மட்டும் எடுத்து அட்டையில் அச்சிடுகிறவர்கள் ஒற்றைக் கண்ணை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து எழுதிவையுங்கள்.

படி 6: தாமஸ் பாஸ்டனின் ‘கோணல்’

இழப்பில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் பாஸ்டன். 1707 முதல் 1732ல் இறக்கும்வரை எட்ரிக் என்ற மலைப்பகுதிச் சபையில் ஊழியம் செய்தார். பத்துப் பிள்ளைகளில் ஆறு பேரை அடக்கம் செய்தார். ஒரு மகனுக்கு எபெனேசர் என்று பெயர் வைத்தார், குழந்தை இறந்தது. அடுத்துப் பிறந்தவனுக்கும் அதே பெயரைத் துணிந்து வைத்தார், அவனும் இறந்தான். ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்’ என்பது அந்தப் பெயரின் பின்னால் உள்ள வசனம். நம் ஊர்களில் எத்தனை எபெனேசர்கள்! அந்தப் பெயரை இரண்டாம் முறை வைக்க ஒரு தகப்பனுக்கு என்ன தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். மனைவியோ பல வருஷம் மனநோயில் வாடினார்.

அவர் இறந்தபின் 1737ல் வெளிவந்த ‘தி குரூக் இன் தி லாட்’ (பங்கில் உள்ள கோணல்) என்ற சிறிய நூல், பிரசங்கி 7:13ஐ அடிப்படையாகக் கொண்டது: ‘தேவனுடைய செயலைக் கவனித்துப்பார், அவர் கோணலாக்கினதை நேராக்கத்தக்கவன் யார்?’ ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கில் ஒரு கோணல் இருக்கிறது என்கிறார் பாஸ்டன். உடலில், மரியாதையில், தொழிலில், உறவில் என்று அதைப் பிரித்துக் காட்டுகிறார். கோணல் நீங்கும்படி ஜெபிக்கலாம், முறையான வழிகளில் முயலலாம், ஆனால் அது யார் கையிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் மனம் அடங்கும் என்பது அவர் வாதம்.

இதில் என் கருத்து ஒன்று. இந்த நூல் ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கானது. அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்து, இது தேவன் வைத்த கோணல், பொறுத்துக்கொள் என்று சொல்வதற்கு அல்ல. அடி வாங்குகிற பெண்ணிடம் இதைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். பாஸ்டன் தன் வீட்டுக்குள்ளிருந்து பேசினார். அந்த அதிகாரம் நமக்கு இல்லை.

பாஸ்டன் வாழ்க்கையிலிருந்து இன்னொரு சங்கதி. முதல் சபையான சிம்பிரினில் இருந்தபோது, ஒரு வீட்டின் ஜன்னல் மேல் கிடந்த பழைய புத்தகத்தை எடுத்துப் படித்தார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு சிப்பாய் கொண்டுவந்தது. 1645ல் முதலில் வெளியான ‘தி மேரோ ஆஃப் மாடர்ன் டிவினிட்டி’ என்ற அந்த நூல் அவருடைய பிரசங்கத்தையே மாற்றியது. 1718ல் அது மறுபடி அச்சேறியது, 1720ல் பொதுச்சபை அதைக் கண்டித்தது, 1726ல் பாஸ்டன் தன் குறிப்புகளோடு அதையே வெளியிட்டார். தாத்தா வீட்டுப் பரணில் பழைய புத்தகம் கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் தலைப்புப் பக்கத்தையாவது பாருங்கள்.

படி 7: மெக்செயினின் வாசிப்பு அட்டவணை

டண்டீ நகரத்துச் செயின்ட் பீட்டர்ஸ் சபைப் போதகர் ராபர்ட் மரே மெக்செயின் 1842 டிசம்பரில் தன் சபையாருக்காகத் தயாரித்தது இது. நாளுக்கு நான்கு அதிகாரம். ஒரு வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை முடியும். இரண்டு அதிகாரம் குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனி வாசிப்புக்கு. ஜனவரி 1ல் ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. உலகத்தின் தொடக்கம், கிறிஸ்துவின் பிறப்பு, சிறையிருப்பிலிருந்து திரும்புதல், சபையின் தொடக்கம் என்று நாலும் தொடக்கங்கள். அட்டவணை தொடங்கிய அதே 1843ல், மார்ச் மாதத்திலேயே மெக்செயின் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். வயது 29.

இதையும் தனி ஆளாகச் செய்யும் திட்டமாக நினைக்காதீர்கள். மந்தை எந்தப் பக்கம் மேய்கிறது என்று போதகருக்குத் தெரியும், நண்பர்கள் சந்தித்தால் பேச ஒரே விஷயம் இருக்கும் என்று மெக்செயினே நன்மைகளைச் சொல்கிறார். ஆகவே இரண்டு மூன்று பேராவது சேருங்கள். ஒரு வாட்ஸ்அப் குழு போதும். ஆபத்துகளையும் அவரே எழுதியிருக்கிறார்: முறைக்காக வாசிப்பது, வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி, கவனமில்லாமல் ஓட்டுவது, தாங்கமுடியாத நுகமாகிப்போவது. நான்கு அதிகாரம் பாரமாக இருந்தால் குடும்ப வாசிப்பின் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாள் தவறினால் விட்டதைத் துரத்தாமல் அன்றைய தேதிக்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

படி 8: மேற்கோளை நம்புவதற்கு முன் மூலத்தைத் தேடுங்கள்

மத்தேயு ஹென்றியின் வேத விளக்கம் நம்மில் பலருக்குத் தெரியும். இங்கிலாந்துப் பிரெஸ்பிட்டேரியன் போதகர், 1662 முதல் 1714 வரை வாழ்ந்தவர். அவரைக் கொள்ளையடித்த கதை பிரசங்கங்களில் அடிக்கடி வரும். இதற்குமுன் என்னை யாரும் கொள்ளையடிக்கவில்லை, பணத்தை எடுத்தார்கள் உயிரை எடுக்கவில்லை, எடுத்தது அதிகமில்லை, கொள்ளையடித்தவன் நானில்லை என்று நான்கு காரணங்களுக்காக அவர் நன்றி சொன்னதாகச் சொல்வார்கள். ஒரு வாலிபர் கூட்டத்தில் நானும் அப்படியே சொல்லியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, ‘தம்பி, இது எந்தப் புத்தகத்தில இருக்கு?’ என்று கேட்டார். பதில் தெரியவில்லை.

பிறகு தேடிப் பார்த்தேன். 1713ல் ஹென்றி நாட்குறிப்பில் எழுதியது வேறு மாதிரி இருக்கிறது. பத்துப் பதினோரு ஷில்லிங் போனது. இவ்வளவு பயணம் செய்தும் இதற்குமுன் திருட்டுக் கொடுக்காததற்கு நன்றி என்பது உண்டு. அடுத்து மனம் திருடர்கள் பக்கம் போகிறது: தலைக்கு அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங்குக்காக நாலு பேர் உயிரையும் ஆத்துமாவையும் பணயம் வைக்கிறார்களே, பண ஆசை எவ்வளவு தீமைக்கு வேராக இருக்கிறது! அப்புறம், உலகப் பொருள் எவ்வளவு சீக்கிரம் கைவிட்டுப் போகிறது என்கிறார். பிரபலமான வடிவத்தில் ‘நான் அவனில்லை’ என்ற நிம்மதி இருக்கிறது. நாட்குறிப்பில் அந்த நாலு பேருக்காக வருத்தம் இருக்கிறது. எனக்கு நாட்குறிப்புதான் வேண்டும்.

படி 9: பகிர்வதும் குறித்துவைப்பதும்

மூல நூல்களுக்கு இப்போது காப்புரிமை இல்லை, தமிழாக்கிப் பகிரலாம். ஆனால் இக்கால ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய புதிய பதிப்புகளுக்கும் அவற்றின் முன்னுரைகளுக்கும் உரிமை உண்டு. ஆகவே பழைய பதிப்பிலிருந்தே மொழிபெயர்த்து, எந்த வருஷப் பதிப்பு, எத்தனையாம் கடிதம் என்று கீழே எழுதுங்கள். சுருக்கினால் சுருக்கியதாகச் சொல்லுங்கள்.

முதல் வாரத்துக்கு இது போதும்: திங்கள் முதல் வியாழன் வரை சிறிய வினாவிடையின் முதல் நான்கு கேள்விகள். வெள்ளியன்று பெரிய வினாவிடையின் 142ஆம் விடை. சனியன்று ரதர்ஃபோர்டின் 1629 கடிதத்துக்கு அந்த நான்கு குறிப்புகள். ஞாயிறு மாலை குடும்ப ஜெபம் முடிந்தபின், அந்தக் கடிதத்தை முழுசாக, சத்தமாக, வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும் முன், அது யாருக்கு வந்த கடிதம் என்று சொல்லிவிடுங்கள்.